வாலைத் தூக்கி உட்காரும் கொசு

பாக் ருபியோவை முதன்முதலில் பார்த்தபோது திருடன் என்றுதான் நினைத்தேன். தபால் நிலையத்தின் பின்பக்கம் குப்பைக்கூடையைக் கவிழ்த்துப் போட்டுக் குந்தி உட்கார்ந்திருந்தார். கிழிந்த உறைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் ஒரு பை, இடுப்பில் ஒரு தகரப் பெட்டி.

"இங்க என்ன தேடுறீங்க?" என்று கத்தினேன்.

"கொசு," என்றார், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். ஜாவாவின் மெனோரே மலையடிவாரத்தில் ஒற்றை ஜன்னல் தபால் நிலையத்துக்கு மாற்றலாகி வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனேன். அவர் கையில் இருந்த உறைத் துண்டை என் பக்கம் நீட்டினார். அதில் ஏதோ ஒரு தூரதேசத்து ஸ்டாம்பு, ஸ்டாம்பில் ஒரு கொசு.

"நம்ம ஆளு இவன். பாருங்க, வாலைத் தூக்கிட்டு எவ்வளவு அம்சமா உட்கார்ந்திருக்கான்!"

விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டேன். கிறுக்கனை அடித்தால் பாவம் இல்லையா?

கிறுக்கு இல்லை, வேலையே அதுதான் என்று பிறகு தெரிந்தது. எங்கள் மலைக் கிராமங்களுக்கு அவர்தான் மலேரியாக்காரர். எல்லாரும் அவரை 'பாக்', அதாவது ஐயா, என்பார்கள்; என்னை 'இபு', அம்மா. ஓட்டை மோட்டார் சைக்கிளில் வீடுவீடாக ஏறி, யாருக்குக் காய்ச்சல் என்று கேட்பார். இருந்தால் மோதிரவிரலில் ஊசியால் ஒரு குத்து, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தம். அதைச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோவார். கிருமி இருந்தால் மறுநாள் மாத்திரையோடு வந்து, விழுங்கும்வரை எதிரிலேயே நிற்பார்.

ஸ்டாம்புப் பித்து அவருக்கு ஒரு டாக்டரால் வந்தது. மாற்றலாகிப் போகும்போது அந்த டாக்டர் மேஜையைக் காலி செய்து, 1962-இல் வந்த நாலைந்து ஸ்டாம்புகளை இவர் கையில் கொடுத்தாராம். அந்த வருஷம் மலேரியாவை ஒழிப்போம் என்று நூறு நாடுகளுக்கு மேல் ஒன்றுசேர்ந்து ஸ்டாம்பு போட்டன, எங்கள் இந்தோனேசியாவும் சேர்த்து. அன்றிலிருந்து மனுஷன் விடவில்லை. எங்கள் மலைப் பெண்களில் பாதிப்பேர் அப்போது ஹாங்காங்கிலும் சவூதியிலும் வீட்டுவேலையில் இருந்தார்கள். அவர்கள் அனுப்பும் கடிதங்களின் உறை மூலையெல்லாம் கடைசியில் இவர் பையில்தான் போய்ச் சேரும். நானும் எடுத்துவைக்க ஆரம்பித்தேன். முகம் தெரியாத சேகரிப்பாளர்களுக்கு மாதம் நாலு கடிதம் எழுதி, மாற்றிக்கொண்டும் வாங்குவார்.

ஆல்பத்தை ஒருநாள் என் ஜன்னல் பலகையில் விரித்தார். முதல் பக்கத்தில் சிங்கோனா மரம். ஒருகாலத்தில் அதன் பட்டையிலிருந்து உலகத்துக்கே கொயினா மருந்து கொடுத்தது எங்கள் ஜாவாவின் மலைகள்தான். அடுத்து மைக்ராஸ்கோப்பில் கண் வைத்திருக்கும் தாடிக்கார டாக்டர்கள். செகந்தராபாத்தில் உட்கார்ந்து கொசுவின் வயிற்றைக் கீறிப் பார்த்து, நோய் எங்கே குடியிருக்கிறது என்று கண்டுபிடித்த அந்த இங்கிலீஷ் டாக்டர். பிறகு அம்மை ஊசி, காசநோய் ஒழிப்பின் இரட்டைச் சிலுவை, மருந்தடிக்கும் பம்பைத் தோளில் சுமந்த ஆட்கள், மருத்துவச் சின்னமான பாம்பு சுற்றிய கோல். மனுஷன் நோயோடு மல்லுக்கட்டிய கதை முழுக்க அதில் இருந்தது.

கொசுப் பக்கங்களில் மட்டும் ஒவ்வொரு ஸ்டாம்புக்கும் கீழே பென்சிலில் 'சரி' அல்லது 'தப்பு' என்று எழுதியிருந்தார்.

"வாத்தியாரு மாதிரி கொசுவுக்கு மார்க் போடுறீங்களே பாக்!"

"போடாம? மலேரியாக் கொசு தலையைக் கவுத்து, வாலைத் தூக்கி, சாய்ச்சு அடிச்ச ஆணி மாதிரி உட்காரும். மத்தது தட்டையா, கூன் போட்டு உட்காரும். படம் போடுறவன் வீட்டுச் சுவத்துல எது கிடைச்சுதோ அதைப் பாத்து வரைஞ்சிட்டுப் போயிடுறான்."

"கொசு கொசுதானே?" என்றேன்.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. ஆல்பத்தை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்குப் புரியவில்லை. புரிய வருஷக்கணக்கில் ஆயிற்று.

எங்கள் மலையில் யாரும் யாரிடமும் 'மாட்டேன்' என்று சொல்வதில்லை. அது பெரிய மரியாதைக் குறைவு. ரத்தம் கொடுக்கிறீர்களா என்று கேட்டால், "சரிங்க பாக்," என்பார்கள். சிரித்துக்கொண்டே உள்ளே போய்ப் பின்வாசல் வழியாகத் தென்னந்தோப்புக்குள் மறைந்துவிடுவார்கள். முதல் ஒரு வருஷம் ருபியோ காலி வாசல்களில் உட்கார்ந்தே காலத்தைக் கழித்தார். அப்புறம்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். கொடுக்கிறீர்களா என்று கேட்பதே இல்லை. ஆல்பத்தை விரித்து, "பாருங்க, உலகமே இவனைத் துரத்திட்டு இருக்கு," என்று நாலு பக்கம் புரட்டிவிட்டு, "வலது கையா, இடது கையா?" என்பார். ஆள் யோசித்து ஒரு கையைச் சொன்னால் முடிந்தது. ஊசி ஏற்கெனவே பிரித்து வைத்திருப்பார்.

இந்த வித்தை பலிக்காத ஒரே வீடு பாய்னெம் வீடு.

பாய்னெம் தென்னம்பாளைப் பதநீரைக் காய்ச்சி வெல்லம் எடுப்பவள். புருஷன் மரம் ஏறுவான், இவள் அடுப்பில் நிற்பாள். ருபியோ வாரம் ஒருமுறை, வியாழக்கிழமை, அவள் வாசலுக்குப் போவார். வாங்க பாக் என்பாள், பாய் போடுவாள். கற்கண்டு போட்ட தேநீரைக் கொண்டுவந்து எதிரில் வைப்பாள். வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் போய்விடுவாள்.

குடிங்க என்று சொல்லமாட்டாள்.

வீட்டுக்காரர் குடிங்க என்று வாய்விட்டுச் சொல்லாமல் எங்கள் ஊரில் எந்த விருந்தாளியும் கோப்பையைத் தொடமாட்டான். அவர் தேநீரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். ஆவி அடங்கும், மேலே ஆடை படியும். எழுந்து, வரேன் என்பார். சரிங்க பாக் என்பாள். அவளுக்கோ அவள் வீட்டாருக்கோ காய்ச்சல் வந்தால், அவளே ஏழு கிலோமீட்டர் இறங்கிச் சுகாதார நிலையத்தில் போய் விரலை நீட்டுவாள். இவரிடம் மட்டும் நீட்டமாட்டாள். இருபத்திரண்டு வருஷம் இப்படி நடந்தது. வாரத்துக்கு ஒரு கோப்பை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"அந்தம்மா உங்க மேல ஏன் இவ்வளவு கடுப்பா இருக்கு? ஏதாவது வாங்கித் தரேன்னு ஏமாத்திட்டீங்களா?" என்று ஒருமுறை சீண்டினேன். அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

போன வருஷம் எங்கள் மாவட்டத்துக்கு நல்ல காலம் பிறந்தது. மூன்று வருஷம் தொடர்ச்சியாக உள்ளூரில் ஒருவருக்கும் மலேரியா இல்லை. கொசு போகவில்லை, அதன் வயிற்றில் இருந்த கிருமிதான் போயிற்று. 'மலேரியா இல்லாத மாவட்டம்' என்று தலைநகரிலிருந்து சான்றிதழ் வந்தது. அதைக் கொண்டாட மாவட்டமே தன் செலவில் ஒரு ஸ்டாம்பு அச்சடிக்கப் போகிறது என்று அறிவிப்பு வந்தபோது, ருபியோ சின்னப்பிள்ளை மாதிரி துள்ளினார். உலகத்து ஸ்டாம்பையெல்லாம் சேர்த்த மனுஷன், இப்போது தன் மலைக்கே ஒன்று.

மாதிரிப் படம் ஒரு திங்கட்கிழமை தபால் நிலையத்துக்கு வந்தது, அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்காக. பச்சை மலை, வெள்ளைக் கொசுவலை, பாம்பு சுற்றிய கோல், வலைக்கு வெளியே ஒரு கொசு. அழகாகத்தான் இருந்தது. ஆள் அனுப்பி ருபியோவை வரவழைத்தேன். அவர் ஒரு நிமிஷம் பார்த்தார். அப்படியே என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கொசு தட்டையாக, கூன் போட்டு உட்கார்ந்திருந்தது.

"இபு, அன்னைக்குச் சொன்னீங்களே, கொசு கொசுதானேன்னு. நானும் அதையேதான் சொன்னேன். எனக்குள்ளயே." மாதிரிப் படத்தை மேஜையில் கவிழ்த்து வைத்தார். "2001-ல இந்த மலையில காய்ச்சல் தலைவிரிச்சு ஆடுச்சே. எங்கிருந்தோ ஒரு சுவரொட்டி அச்சடிச்சு அனுப்பினாங்க. 'இந்தக் கொசுவைக் கண்டால் உடனே சொல்லுங்கள்'னு. படத்துல கொசு தட்டையா இருந்துச்சு. தப்புன்னு பாத்ததுமே தெரிஞ்சுது. படம்தானேன்னு விட்டுட்டேன். பசை தடவி வீடுவீடா ஒட்டினது இந்தக் கைதான்."

பாய்னெம் அப்போது ஏழு மாசம். சொன்னதைச் சொன்னபடி கேட்கிற பெண். தினமும் பொழுது சாய்ந்ததும் விளக்கை எடுத்துக்கொண்டு சுவர் முழுக்கப் பார்த்திருக்கிறாள். சுவரில் இருந்த கொசுவெல்லாம் வாலைத் தூக்கிக்கொண்டு இருந்தன. படத்தில் இருப்பது ஒன்றுகூட இல்லை. நம் வீட்டில் அந்தக் கொசு இல்லை என்று நிம்மதியாக இருந்தாள். குளிர் வந்து உதறியபோதுகூட, இது வெறும் காய்ச்சல் என்று ஒரு வாரம் படுத்துக் கிடந்தாள். அவள் பிழைத்தாள். வயிற்றில் இருந்தது பிழைக்கவில்லை.

"சுவரொட்டியைக் கிழிச்சு எடுத்துட்டு வந்து என் முன்னாடி வெச்சா. 'இதுல இருந்தது எங்க வீட்டுல இல்லையே பாக்'னு மட்டும் கேட்டா. அப்புறம் அதைப் பத்தி அவ பேசினதே இல்ல. நானும் பேசல."

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முக்காட்டு நுனியை இழுத்துத் துடைத்துக்கொண்டேன்.

"இந்த ஸ்டாம்பு இப்படியே வெளிய போனா, ரெண்டாவது தடவையும் தெரிஞ்சே ஒட்டினவன் ஆயிடுவேன்," என்றார்.

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. செவ்வாய்க்கிழமை ஜன்னலைச் சாத்திவிட்டு அவர் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். தனியே விட்டால் மரியாதை பார்த்தே திரும்பி வந்துவிடுவார் என்று பயம்.

பொறுப்பில் இருந்தவர் பாக் விஸ்னுவாஜி. இஸ்திரி கலையாத சட்டை, சிரித்த முகம். ருபியோ கொசு உட்காரும் விதத்தை விளக்கினார், மாற்றித் தரமுடியுமா என்று கேட்டார்.

"சரிங்க பாக், ரொம்ப நல்ல தகவல். அவசியம் பாத்துக்கலாம்," என்று எழுந்து நின்று இரண்டு கையாலும் கும்பிட்டார் விஸ்னுவாஜி.

வெளியே வந்ததும் நான் சந்தோஷமாக, "அவ்வளவுதானா! சரின்னுட்டாரே," என்றேன்.

"போச்சு," என்றார் ருபியோ.

"என்ன போச்சு? சரின்னுதானே சொன்னாரு!"

"அதான் போச்சுங்கிறேன். இருபது வருஷம் வாசல்ல நின்னு கேட்ட சரி இபு இது. பின்வாசல் வழியாப் போற சரி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே போய் நாலு வார்த்தை கேட்கத் திரும்பினேன். அவர் என் பையைப் பிடித்து இழுத்து வண்டியில் ஏற்றினார்.

அன்று மாலை ஒரு மாட்டுக்கொட்டிலில் உட்கார்ந்து, காகிதக் குவளையில் கொசு பிடித்து, அதன் வாயை வலைத்துணியால் கட்டினார். புதன்கிழமை காலை மறுபடி போனோம். ஒரு கையில் குவளை, ஒரு கையில் ஆல்பம். எங்களைப் பார்த்ததும் விஸ்னுவாஜியின் சிரிப்பு கொஞ்சம் இறுகியது.

ருபியோ குவளையை அவர் மேஜையில் வைத்தார். உள்ளே கொசு காகிதச் சுவரில், தலையைக் கவிழ்த்து, வாலைத் தூக்கி, சாய்ந்த ஆணி மாதிரி உட்கார்ந்திருந்தது. விஸ்னுவாஜி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"கடிக்குமா?"

"கடிச்சாலும் இப்ப ஒண்ணும் ஆகாதுங்க. அதுக்குத்தானே சான்றிதழ் வாங்கியிருக்கோம்."

ஆல்பத்தை விரித்தார். 'சரி' பக்கங்கள், 'தப்பு' பக்கங்கள். விஸ்னுவாஜிக்கு விஷயம் புரியவே செய்தது. குவளையையும் மாதிரிப் படத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, முதல்முறையாக மனசில் இருப்பதைச் சொன்னார்.

"பாக், மேல இருக்கிறவரு இந்தப் படத்தைப் பாத்துட்டாரு. ரொம்ப நல்லாயிருக்குன்னு சொல்லிட்டாரு. நான் போய், நீங்க நல்லாயிருக்குன்னது தப்புன்னு எப்படிங்க சொல்வேன்? என் வாயில வராது."

அது எனக்கும் விளங்கியது. கோபப்பட வந்த எனக்கே அந்த ஆளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எங்கள் ஊரில் வேலையைக்கூட விட்டுவிடலாம், மேலே இருப்பவரைக் கூச்சப்பட வைக்க முடியாது.

ருபியோ பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். முந்தைய இரவே எழுதி வைத்திருக்கிறார். 'மலேரியாக் கொசுவின் சரியான படத்தைக் கொடுக்கவேண்டியது என் வேலை. நான் காலத்தில் கொடுக்கவில்லை. பிழை முழுவதும் என்னுடையது. மன்னிக்கவும்.' கீழே கையெழுத்து.

"இதைக் குடுத்துடுங்க. கிராமத்து ஆளு செஞ்ச தப்புன்னு சொல்லுங்க. யாருக்கும் கூச்சம் இருக்காது."

"உங்ககிட்ட யாரு படம் கேட்டா?" என்று நான் வெடித்தேன். "செய்யாத தப்புக்கு எதுக்குக் கையெழுத்துப் போடுறீங்க?"

"செஞ்ச தப்புக்குப் போட எடம் கிடைக்கலையே இபு," என்றார்.

விஸ்னுவாஜி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ருபியோ மாதிரிப் படத்தை அவர் பக்கம் நகர்த்தி, பேனாவின் மூடியைக் கழற்றி, கையில் கொடுத்தார். மாற்றுகிறீர்களா என்று கேட்கவில்லை.

"வால் வலது பக்கம் தூக்கியிருக்கட்டுமா, இடது பக்கமா?"

விஸ்னுவாஜி குவளையைக் குனிந்து பார்த்தார். "வலது... வலை இந்தப் பக்கம் இருக்கே. வலதுதான் எடுப்பா இருக்கும்," என்றார். சொல்லிவிட்டு, தானே படத்தில் ஒரு சாய்ந்த கோடு போட்டார். போட்ட பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது போல. ஒரு விநாடி விழித்துவிட்டுச் சிரித்தார். இது வேறு சிரிப்பு.

ஸ்டாம்பு மூன்று வாரத்தில் வந்தது. உறையைப் பிரித்தேன். பச்சை மலை, வெள்ளை வலை, வலைக்கு வெளியே எங்கள் ஆள், வாலைத் தூக்கிக்கொண்டு. முதல் தாளிலிருந்து ஒன்றைக் கிழித்து ருபியோவிடம் கொடுத்தேன். ஆல்பத்தில் வைப்பார் என்று பார்த்தால், ஓர் உறையில் ஒட்டினார். பாய்னெம் பெயரை எழுதினார். உள்ளே ஒரு சீட்டு: 'படம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.' முத்திரை குத்தச் சொல்லி ஜன்னல் வழியாக நீட்டினார். கொசு மேல் படாமல் ஓரமாகக் குத்தினேன்.

கடிதம் கொண்டுபோக ஆள் இருந்தது. ஆனால் நானே போனேன், வியாழக்கிழமை பார்த்து. ருபியோ ஏற்கெனவே பாயில் உட்கார்ந்திருந்தார். எதிரில் தேநீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பாய்னெம் வெல்லப்பாகு கிளறிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குக் கடுதாசி," என்றேன்.

"எனக்கா? எனக்கு யாரு எழுதுறா? ஹாங்காங்ல இருக்கிற பொண்ணுகூட போன்லதான் பேசுது."

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பிரிக்கவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஸ்டாம்பையே பார்த்தாள். எழுந்துபோய்ச் சுவரோரம் நின்று, உறையைச் சுவரில் வைத்துப் பார்த்தாள். முன்பு விளக்கோடு நின்ற சுவர் அதுதான் போல. பாகு அடுப்பில் தீயும் வாசனை வந்தது.

"இதுதான்," என்றாள். "எங்க சுவத்துல இருந்தது இதுதான். தினமும் பாத்தேன். ஒவ்வொண்ணும் இப்படித்தான் வாலைத் தூக்கிட்டு... நான் சரியாத்தான் பாத்திருக்கேன் பாக். எம்மேல தப்பில்ல."

"உங்க மேல என்னைக்குங்க தப்பு இருந்துச்சு?" என்றார் ருபியோ. "படம் தப்புன்னு தெரிஞ்சே ஒட்டினது நான். அப்பவே சொல்லியிருக்கணும். இருபத்திரண்டு வருஷம் ஆயிடுச்சு சொல்றதுக்கு."

அவள் அழுதாள். சத்தமில்லாமல், வெகுநேரம். இத்தனை வருஷமும் அவள் இவர்மேல் கோபமாக இருந்ததாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தன்மேலேயேதான் பாதிக் கோபம் இருந்திருக்கிறது. ஒழுங்காகப் பார்க்கத் தெரியாமல் குழந்தையை விட்டுவிட்டோம் என்று.

பிறகு போய் அடுப்பை இறக்கி வைத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ருபியோவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். கோப்பையை ஒரு விரற்கடை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"ஆறிடப்போவுது பாக். குடிங்க."

ருபியோ கோப்பையை இரண்டு கையாலும் எடுத்தார். அடியில் கொஞ்சம் மீதி வைப்பதுதான் எங்கள் ஊர் மரியாதை. அவர் ஒரு சொட்டு வைக்கவில்லை.